மறதிக்குழியின் தரை

பிலிபேரின் தலை ஏன் எப்போதும் கிழக்கு மூலைக்கே உருண்டு போகிறது என்பது ஆர்லெத்துக்குப் பல வருஷமாகப் பிடிபடவில்லை.

பிலிபேர் ஒரு பிளாஸ்டர் எலும்புக்கூடு. ஏதோ ஒரு நாடகக் கம்பெனி கலைந்தபோது ஆர்லெத்தின் தாத்தா ஒகுஸ்த் அவனைக் கொண்டுவந்து, ஃபோன்பெல் கோட்டையின் மறதிக்குழியில், மேற்குச் சுவரை ஒட்டிச் சங்கிலி மாட்டி உட்கார வைத்தார். கழுத்தில் ஒரு கம்பி முளை இருக்கும். அதில் தலையைச் செருக வேண்டும். கோடை முழுக்கக் குழியின் ஈரத்தில் பிளாஸ்டர் ஊறும். ஒரு நாள் முளை தளர்ந்து தலை கழன்று விழும். விழுகிற தலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உருளலாம் அல்லவா? அப்படி நடப்பதே இல்லை. நேராகக் கிழக்கு மூலைக்குப் போய், அங்கே சுவரின் அடியில் இருக்கிற சின்னக் கல் வளைவில் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வருஷம் ஆர்லெத் எலும்புக்கூட்டைத் தெற்குச் சுவருக்கு மாற்றிப் பார்த்தாள். இன்னொரு வருஷம் காலடியில் கூழாங்கல் பையை வைத்து அணை கட்டினாள். தலை அந்தப் பையைச் சுற்றிக்கொண்டு போய் அதே மூலையில் நின்றது.

கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு இதையும் ஒரு கதையாக்கி வைத்திருந்தாள். "அந்த வளைவுதாங்க கைதி ஜெபம் பண்ணுன மாடம். பாவம், செத்த பிறகும் ஜெபத்துக்குத்தான் போறான்." கேட்கிறவர்களில் யாராவது ஒருவர் சிலுவை போட்டுக்கொள்வார். சொல்லி முடித்துத் திரும்பி நடக்கும்போது ஆர்லெத்துக்கே உறுத்தும். பிளாஸ்டருக்கு ஏது பக்தி?

அந்த வட்டாரத்தில் மறதிக்குழி இல்லாத கோட்டைக்கு யாரும் சீட்டு வாங்குவதில்லை. பிரபுவுக்கு ஒருவன்மேல் கோபம் வந்தால் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவார், அப்புறம் அவனை மறந்துவிடுவார், அதனால் அந்தப் பெயர். ஃபோன்பெல்லின் குழி, பிரபு குடியிருந்த மாளிகையின் பின்சுவரை ஒட்டி அகழிக்குள் துருத்திக்கொண்டு நிற்கிற சதுரக் கோபுரத்தின் அடியில் இருந்தது. அதற்குக் கதவு இல்லை, ஜன்னல் இல்லை. தாத்தா ஒகுஸ்த் இளவட்டமாக இருந்தபோது கோபுரத்தின் தரைத்தள அறையில் கடப்பாரையால் தட்டிப் பார்த்தார். கீழே பானை மாதிரி ஒலித்தது. நடுவில் சில கற்களைப் பெயர்த்துத் தலையை விட்டுப் பார்த்தார். கீழே வளைவுக் கூரை போட்ட ஓர் அறை. கதவில்லாத அறை என்றால் சிறைதானே என்று அன்றைக்கே முடிவு கட்டினார். அதில் பாதி உயரத்துக்குக் கிடந்த கறுப்பு மண்ணை வாளி வாளியாக இறைத்துத் தோட்டத்தில் கொட்டினார். அந்த வருஷம் முட்டைக்கோசு வண்டிச் சக்கரம் மாதிரி விளைந்ததைக் குடும்பத்தில் இன்னும் பெருமையாகச் சொல்வார்கள். குழியின் வாயில் அவர் அடித்து மாட்டிய எனாமல் பலகை இன்றும் அப்படியே இருக்கிறது: மறதிக்குழி.

நவம்பர் தொடக்கத்தில் வருகிற சகல புனிதர்கள் திருநாளோடு கோட்டையின் சுற்றுலாப் பருவம் முடியும். பிறகு ஈஸ்டர் வரை பூட்டுத்தான். அந்தத் திருநாளன்று அண்ணி நதேஜ் நகரத்திலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வருவாள், எத்தியேனின் கல்லறையில் சாமந்தித் தொட்டி வைப்பதற்கு. எத்தியேன் ஆர்லெத்தின் அண்ணன், நதேஜின் கணவன். அவன் போன பிறகு கோட்டை இந்த இரண்டு பெண்களின் பாகம் பிரிக்காத சொத்தாகிவிட்டது. ஒருத்தி கையெழுத்து இல்லாமல் இன்னொருத்தி கூரையில் ஓர் ஓடுகூட மாற்ற முடியாது. நதேஜ் விற்கலாம் என்பாள். ஆர்லெத் முடியாது என்பாள். வருஷத்துக்கு ஒரு தடவை, கல்லறையிலிருந்து திரும்பி, உருளைக்கிழங்கும் கிரீமும் வைத்து மூடிச் சுட்ட அப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே இதைப் பேசி முடிப்பார்கள். பிறகு பிலிபேரைக் குளிர்காலத்துக்காக மேலே ஏற்ற ஆர்லெத் அண்ணியின் உதவியைக் கேட்பாள்.

இந்தத் தடவையும் அப்படித்தான்.

"மழை வர்றதுக்குள்ள ஏத்திடலாம் அண்ணி. நீங்க மேல நின்னு ஏணிய மட்டும் பிடிச்சுக்குங்க."

"வருஷா வருஷம் ஒரு பிளாஸ்டர் ஆம்பளையத் தூக்க என்னைக் கூப்பிடுற. உசுரோட ஒருத்தனைப் பார்த்து வெச்சிருந்தா எனக்கு இந்த வேலை உண்டா?"

"உசுரோட இருக்கிறவன் பேசுவானே அண்ணி. இவன் வாயத் திறக்க மாட்டான்."

ஆர்லெத் இறங்கினாள். மர ஏணி, தாத்தா காலத்தது. கூரையின் நடுவில் இருந்த ஓட்டை வழியாக நேரே தரைக்கு இறங்கியது. தலை வழக்கம்போல் கிழக்கு மூலையில் கிடந்தது. எடுத்துக் கைப்பையில் போட்டாள். உடம்பைக் கழற்றப் போனால் இடுப்பைச் சுற்றிய சங்கிலியின் கொக்கி துருவேறி வளையத்தோடு ஒட்டிப் போயிருந்தது. இழுத்தாள், திருகினாள், கல்லால் தட்டினாள்.

"என்ன பண்ற அங்க? கல்யாணமா நடக்குது?"

"கொக்கி வர மாட்டேங்குது."

"விலகு, நான் வரேன். ஒரு கொக்கியக் கழட்டத் தெரியல, கோட்டையக் காப்பாத்துறாளாம்."

"வேண்டாம் அண்ணி, ஏணி யார் பிடிக்கிறது?"

சொல்லி முடிப்பதற்குள் நதேஜின் செருப்பு மேல் படியில் இருந்தது. அவள் பாதி தூரம் இறங்கியபோது ஏணியின் ஒரு பக்கச் சட்டம் உள்ளுக்குள் உளுத்துப் போயிருந்த இடத்தில் படக்கென்று முறிந்தது. மறு பக்கம் கொஞ்சம் தாங்கியது, முறுக்கிக்கொண்டது, அதுவும் முறிந்தது. ஏணியின் மேல் பாதியோடு சேர்ந்தே நதேஜ் கீழே வந்து விழுந்தாள்.

தூசி அடங்கிய பிறகு நதேஜ் சொன்ன முதல் வார்த்தையை எழுத முடியாது. இரண்டாவது, "கணுக்கால்."

ஆர்லெத் குனிந்து பார்த்தாள். எலும்பு முறியவில்லை போலிருந்தது. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதம் பொம்மென்று வீங்கியது. தன் கழுத்துத் துண்டை அவிழ்த்துக் கட்டினாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். சாம்பல் நிற வெளிச்சமாக ஓட்டை தெரிந்தது. ஒருத்தியின் தோள்மேல் இன்னொருத்தி நின்றாலும் எட்டாது. நதேஜால் நிற்கவும் முடியாது. சுவரைப் பிடித்து ஏறலாம் என்றால், சுவர் ஓரளவுக்கு நேராகப் போய் அப்புறம் கூரையாக உள்பக்கம் வளைந்தது. ஏறுகிறவன் கடைசியில் தலைகீழாகத் தொங்க வேண்டும்.

"போன் எங்க?"

"என்னோடது அடுப்படியில. உங்களோடது?"

நதேஜ் சட்டைப் பையிலிருந்து எடுத்தாள். திரையில் ஒரு கீறல் விழுந்திருந்தது. சிக்னல் துளிகூட இல்லை. ஒரு ஆள் கையை நீட்டிப் படுக்கிற அளவுக்குத் தடித்த சுவருக்குள் எந்த அலை வரும்? டார்ச் மட்டும் எரிந்தது.

ஆர்லெத் கத்திப் பார்த்தாள். குரல் கூரையில் மோதி அவள் தலைமேலேயே கொட்டியது. மேலே மூடிய அறை, அதற்கு வெளியே பூட்டிய மாளிகை, அதற்கு வெளியே காலி முற்றம். கிராமத்தில் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து திருநாள் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

"நம்மள யார் தேடுவா?" என்றாள் நதேஜ்.

ஆர்லெத் யோசித்தாள். "ரொட்டி வண்டிக்காரன் வருவான். வெள்ளிக்கிழமை."

"வந்து?"

"கேட்ல ரொட்டிப் பைய மாட்டிட்டுப் போவான்."

"அவ்வளவுதானா?"

"அடுத்த தடவை வரும்போது பழைய பை அங்கேயே தொங்குறதைப் பார்ப்பான். அப்ப யோசிப்பான்."

"அடுத்த தடவைன்னா அடுத்த வாரம். பிரமாதம். உன் பலகையில எழுதியிருக்கே, மறதிக்குழின்னு. பொய்யில்லாத பலகை."

ஆர்லெத் ஏணித் துண்டுகளைப் பிலிபேரின் சங்கிலியால் சேர்த்துக் கட்டினாள். கொக்கி அப்போதும் கழலவில்லை. பிலிபேரின் இடுப்பைத்தான் உடைத்து எடுக்க வேண்டியிருந்தது. கட்டிய ஏணியை ஓட்டையின் விளிம்பில் சாய்த்துக் கால் வைத்தாள். மூன்றாவது படியிலேயே கட்டு இளகி ஏணி நடுவில் மடங்கியது. திரும்ப இறுக்கிக் கட்டினாள். திரும்ப மடங்கியது. முறிந்த மரத்தை இன்னொரு முறிந்த மரத்தோடு கட்டினால் கட்டுகிற இடத்தில்தான் அத்தனை பாரமும் வந்து உட்கார்கிறது. அந்த இடத்தில் வலுவாக இருந்தது சங்கிலி மட்டும், சங்கிலியோ வளையாமல் நிற்கிற பொருள் இல்லை.

"விடு" என்றாள் நதேஜ். "நீயும் விழுந்தா ரெண்டு கால் போச்சு."

குளிர் தரையிலிருந்து ஏறியது. நதேஜ் கல்லறைக்கு வந்த மெல்லிய கோட்டில்தான் இருந்தாள். உதடு நிறம் மாற ஆரம்பித்திருந்தது. ஆர்லெத் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவள்மேல் போட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதிலிருந்தே நதேஜுக்கு எவ்வளவு குளிர்கிறது என்று தெரிந்தது. இந்த நிலையில் அடுத்த வாரம் வரை என்ன, மறுநாள் காலை வரையே அவள் தாங்குவாளா என்று ஆர்லெத் தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

அப்புறம் மழை வந்தது. கூரையில் விழுகிற சத்தம் கேட்கவில்லை. மேற்குச் சுவரின் உச்சியில் இருந்த இரண்டு துளைகளில் தண்ணீர் இறங்கும் சத்தம்தான் கேட்டது. அந்தத் துளைகள் ஒவ்வொன்றும் ஒரு மனிதத் தலை அளவு அகலம். சுவருக்குள்ளேயே சாய்வாக மேலே போய் மாளிகையின் மேல் தளங்களில் திறப்பவை. மேல் தளங்களுக்குக் கூரை போய் நூற்றாண்டு ஆகிறது. முதலில் சொட்டியது, பிறகு நூலாக வழிந்தது, பிறகு கயிறாக இறங்கியது.

"அது என்ன ஓட்டை?" என்றாள் நதேஜ்.

"உணவுத் துளை. விருந்து முடிஞ்சதும் பிரபு மிச்சம் மீதிய அது வழியா கைதிக்குத் தள்ளுவார்."

"இப்ப தண்ணி தள்ளுறார். குடிக்கச் சொல்லு."

"அண்ணி, இது சிரிக்கிற விஷயமில்ல. இந்தக் குழி நிறைஞ்சா?"

ஆர்லெத் ஏணித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நதேஜை அதன்மேல் நகர்த்தி உட்கார வைத்தாள். தண்ணீர் சுவரில் வழிந்து, தரைக்கு வந்து, கற்களின் இடுக்குகள் வழியாக அவர்களைத் தாண்டி ஓடியது. அது எப்போது தேங்கத் தொடங்குமோ என்று பயந்துகொண்டே காத்திருந்தாள். தேங்கவில்லை. கொட்டுகிற கொட்டுக்கு இந்நேரம் கணுக்கால் அளவாவது நின்றிருக்க வேண்டும். செருப்பின் அடிகூட முழுதாக நனையவில்லை.

டார்ச்சை வாங்கித் தண்ணீரின் பின்னாலேயே போனாள். அது கிழக்கு மூலைக்குப் போனது. மாடத்தின் அடியில் கற்களுக்கு நடுவே நுழைந்து காணாமல் போனது.

"தரை சாய்வா இருக்கு" என்றாள் ஆர்லெத், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற குரலில்.

அந்தச் சாய்வு அவள் கண்ணில் இத்தனை வருஷம் படாததற்குக் காரணம் உண்டு. ஒரு தரை மட்டமா இல்லையா என்பதை நாம் தரையைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. பக்கத்தில் இருக்கிற ஜன்னல் விளிம்பு, கதவு நிலை, மேஜை என்று ஏதோ ஒரு மட்டமான கோட்டோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறோம். குழியில் அப்படி ஒரு கோடும் இல்லை. சுவர்கள் அடியில் தடித்து மேலே மெலிந்தவை, கூரை வளைந்தது. கண்ணுக்குப் பிடிமானமே இல்லை. உருளுகிற பொருளுக்கும் ஓடுகிற தண்ணீருக்கும் ஒப்பிட எதுவும் வேண்டியதில்லை.

"எதுக்குச் சிறைக்குச் சாய்வா தரை போடணும்?" என்றாள்.

"என்னைக் கேட்டா? கட்டினது உன் பரம்பரை."

"கட்டினது நாங்க இல்ல. தாத்தா வாங்கினார்."

"சரி, உன் தாத்தாவையே கேக்கறேன்." நதேஜின் பல் தந்தியடித்தது; ஆனாலும் வாய் ஓயவில்லை. "இந்தக் கூரையில ஓட்டை போட்டது அவருதானே? சாப்பிட உக்காந்தா ஒவ்வொரு தடவையும் அந்தக் கடப்பாரைக் கதைய என் மாமனார் ஒப்பிப்பார், காது புளிச்சிருச்சு. அப்ப அதுக்கு முன்னாடி ஓட்டையே கிடையாது. அப்புறம் பிரபு உன் கைதிய எப்படிடி உள்ள இறக்கினார்? தபால்லயா?"

ஆர்லெத் தலையைத் தூக்கி ஓட்டையைப் பார்த்தாள்.

ஒவ்வொரு கோடையும், ஒவ்வொரு கூட்டத்துக்கும், அந்த ஓட்டையைக் கையால் காட்டி, 'இது வழியாகத்தான் கயிற்றில் இறக்கினார்கள்' என்று சொல்லியிருக்கிறாள். தாத்தா ஓட்டை போட்ட கதையையும் அதே மூச்சில் சொல்லியிருக்கிறாள். இரண்டும் ஒன்றோடொன்று சேராது என்பது அவளுக்கோ, சீட்டு வாங்கி வந்த ஒருவருக்கோ, எத்தியேனுக்கோ தோன்றியதே இல்லை. பலகையில் 'மறதிக்குழி' என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

"அந்தத் துளைங்க வழியா..." என்று ஆரம்பித்தாள்.

"அது வழியா ஒரு வாத்துகூட இறங்காது."

"ஆமா. ஆள் இறங்க முடியாது." ஆர்லெத் டார்ச்சை மேலே திருப்பினாள். தண்ணீர் இறங்குகிற துளையின் கீழ் உதட்டில் கல் வழவழவென்று தேய்ந்து, பழுப்பு நிறத்தில் நாக்கு நாக்காகக் கறை படிந்திருந்தது. துளைகள் மாளிகையின் படுக்கை அறைகளுக்குப் பின்னால், சுவரின் தடிப்பிலேயே குடைந்த சின்னச் சின்னத் தனியறைகளில் போய்த் திறந்தன. அந்த அறைகளை அவள் 'காவலர் மறைவிடம்' என்று காட்டுவாள். ஒவ்வொன்றிலும் ஒரு கல் இருக்கை, இருக்கையின் நடுவில் ஒரு வட்ட ஓட்டை. காவலர் கீழே உளவு கேட்பதற்கு என்று சொல்வாள்.

அவள் முகத்தை நதேஜ் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். "என்ன?"

"அண்ணி."

"என்னடி?"

"உணவுத் துளை இல்ல."

நதேஜ் துளையைப் பார்த்தாள், கறையைப் பார்த்தாள், தான் உட்கார்ந்திருந்த தரையைப் பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் கணுக்கால் நொந்து, "ஐயோ... ஐயோ... வலிக்குது, சிரிக்க வைக்காதே" என்று ஆர்லெத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கக்கூசு! அத்தனை பேரையும் இங்க கூட்டிவந்து நிறுத்தி சிலுவை போட வெச்சியே!"

"அந்தக் கறுப்பு மண்ணு..."

"முட்டைக்கோசு!" நதேஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வண்டிச் சக்கரம் மாதிரி! அதுக்குள்ளதான் கிறிஸ்துமஸுக்குக் கறிய அடைச்சு வேகவெச்சு ஊரே சாப்பிட்டுதாம்!"

ஆர்லெத்துக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. கையில் இருந்த ஒரே கதை உடைந்துபோனால் ஈஸ்டருக்கு வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது என்ற நினைப்பு நெஞ்சில் வந்து நின்றது. அதை அப்படியே ஒதுக்கி வைத்தாள். அண்ணியின் கை பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"இல்ல, கேளுங்க" என்றாள். குரலில் இப்போது ஒரு வேகம் வந்திருந்தது. "சிறைன்னா கதவு வேண்டியதில்ல. ஆளை உள்ள போட்டா போதும், திரும்ப வெளிய எடுக்க வேண்டாம். தாத்தா அப்படித்தான் யோசிச்சார். ஆனா இது கழிவுத்தொட்டி. தொட்டிக்கு மேல இருந்து வந்துகிட்டே இருக்கு. ஒரு நாள் நிறையும். நிறைஞ்சா?"

"வாரணும்."

"எப்படி வாருவாங்க? மேல இருந்து முடியாது, கூரையில ஓட்டையே இல்ல. மாளிகைக்குள்ள கொண்டுபோகவும் மாட்டாங்க, பிரபு இருக்கிற இடம். அப்ப?"

"அகழிக்கு."

"அகழிக்கு. அதுக்குத்தான் கோபுரத்தையே அகழிக்குள்ள தள்ளிக் கட்டியிருக்காங்க. அதுக்குத்தான் தரை சாய்வு. வாருறவன் பள்ளத்துல நின்னு இழுத்தா மிச்சம் தானா வரும். பள்ளத்துல வழி இருக்கணும் அண்ணி. கட்டினவனுக்கு அந்த வழி இல்லாம முடியாது."

அவள் தண்ணீர் மறைகிற இடத்துக்குப் போய் வயிற்றை அழுத்திப் படுத்தாள். பல வருஷமாக மின்சார மெழுகுவர்த்தி வைத்துக் காட்டிய மாடம். இப்போதுதான் அதை மாடமாக நினைக்காமல் பார்த்தாள். வளைவின் உச்சி தொடை உயரம்தான். அதன் இரண்டு கால்களும் தரையிலேயே தொடங்கின.

"இதுல ஜெபம் பண்ணணும்னா படுத்துக்கிட்டுத்தான் பண்ணணும்" என்றாள் நதேஜ் பின்னாலிருந்து.

சுவரில் வளைவு எதற்காக இருக்கிறது? கொத்தன் அழகுக்காக அந்த ஆழத்தில் யாரும் பார்க்காத இடத்தில் ஒரு வளைவைக் கட்ட மாட்டான். வளைவு மேலே இருக்கிற பாரத்தை எடுத்து இரண்டு பக்கமும் தள்ளிவிடும். அடியில் இருக்கிற இடத்துக்குப் பாரம் வராது. அடியில் இருப்பது சுவராகவே இருந்தால் அந்த உதவி தேவையில்லை. அடியில் வெற்றிடம் இருந்தால்தான் தேவை. வளைவுக்கு மேலும் பக்கங்களிலும் இருந்த கற்கள் சுண்ணாம்புக் காரையால் இறுகியிருந்தன. நகத்தால் சுரண்டினால் நகம்தான் தேய்ந்தது. வளைவுக்குள் இருந்த கற்களின் நடுவே நகத்தை விட்டாள். ஈரக் களிமண் விரலோடு வந்தது. காரையே இல்லை.

"களிமண்" என்றாள். "களிமண்தான் அண்ணி! காரை போட்டா ஒவ்வொரு தடவையும் உடைச்சு உடைச்சுக் கட்டணும். சில வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து மூடுற இடத்துல யாரும் காரை போட மாட்டாங்க. கல்லை அடுக்கிக் களிமண்ணால அப்பிட்டுப் போவாங்க."

"வியாக்கியானம் போதும். இழு!"

ஏணிச் சட்டத்தின் முறிந்த முனை ஆப்பு மாதிரி கூராக இருந்தது. அதை மேல் கல்லின் இடுக்கில் நுழைத்து, பிலிபேரின் தொடைக்குள்ளிருந்து உருவிய இரும்புக் கம்பியை அடியில் கட்டையாகக் கொடுத்து அழுத்தினாள். கல் அசையவில்லை. நதேஜ் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து, நல்ல காலைச் சுவரில் ஊன்றி, சட்டத்தின் மறுமுனையில் தன் முழுப் பாரத்தையும் போட்டாள். கல் முனகியது. ஒரு விரல் அளவு முன்னே வந்தது. ஆர்லெத் இரண்டு கையாலும் பிடித்து உள்பக்கம் இழுத்துப் போட்டாள்.

முதல் கல்தான் கஷ்டம். அது போனதும் பக்கத்துக் கற்களுக்குப் பிடிப்புப் போய்விட்டது. மேலிருந்து கீழாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் இழுத்த பிறகு கையை உள்ளே விட்டுத் துழாவினாள். கைமுழம் ஆழத்துக்குக் கல். அதற்கப்பால் கை வெறும் காற்றில் ஆடியது. குளிர்ந்த காற்று. இலை அழுகிய வாசனையோடு அவள் முகத்தில் வந்து அடித்தது.

அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "காத்து வருது."

நதேஜ் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தாள். அப்போதுதான் ஆர்லெத்துக்கு அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்று தெரிந்தது.

"அண்ணி, நான் முன்னாடி போறேன். வழி எங்க அடைச்சிருக்குன்னு பார்த்துட்டு வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

"வருவேல்ல?"

"வராம? உங்க கையெழுத்து இல்லாம என்னால ஒரு ஓடு மாத்த முடியாது."

"சரி போ, கழுதை."

சுவரின் தடிப்புக்குள் போகிற சந்து அது. தோள் இரண்டும் உரசியது. மேலே குனிந்த வளைவு, கீழே ஓடுகிற மழைநீர். ஆர்லெத் முழங்கையால் நகர்ந்து போனாள். அடுத்த முனையில் சந்தை மண்ணும் வேரும் அடைத்திருந்தன. அகழியின் தரை காலப்போக்கில் உயர்ந்து அந்த வாயைப் பாதி மூடியிருந்தது. மீதிப் பாதியைச் செடிகள் மூடியிருந்தன. கையால் பறித்தாள். முதல் பிடியிலேயே உள்ளங்கை தீப்பிடித்தது போல் எரிந்தது. காஞ்சொறி. கோபுரத்தின் இந்த அடியில் மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, எத்தியேன் ஒவ்வொரு ஜூனிலும் வெட்டி வெட்டிச் சலித்துப்போன காஞ்சொறிப் புதர். இவ்வளவு செழிப்பாக இங்கே மட்டும் ஏன் வளர்கிறது என்று அவன் வைவான். உரம் போட்டது யாரென்று இப்போது தெரிந்தது.

எரிச்சலைப் பொருட்படுத்தாமல் தோண்டினாள். மண் ஈரமாக, பொலபொலவென்று இருந்தது. தண்ணீர் அவ்வளவு காலம் ஊறி ஊறி அதை இளக்கி வைத்திருந்தது. தலை நுழைந்தது, ஒரு தோள் நுழைந்தது. மழை முகத்தில் விழுந்தது. அகழியின் எதிர்க்கரையில் நதேஜின் கார் நின்றது தெரிந்தது.

திரும்பத் தவழ்ந்து உள்ளே போனாள்.

"கால் முன்னாடியா, தலை முன்னாடியா?" என்றாள் நதேஜ்.

"தலை முன்னாடி. மல்லாந்து படுங்க. வலிக்கிற காலை நல்ல கால்மேல போட்டுக்குங்க, தரையில படாது. நான் உங்க அக்குளைப் பிடிச்சு இழுக்கறேன், நீங்க நல்ல காலால உதைங்க. தரை நமக்கு இறக்கம்தான்."

"எதுக்குக் கட்டின இறக்கத்துல யாரைடி இழுக்கற!"

"வாய மூடிக்கிட்டு உதைங்க அண்ணி, தண்ணி வாய்க்குள்ள போகும்."

இழுத்தாள், உதைத்தாள், நடுவில் ஒரு தடவை கோட்டுப் பொத்தான் கல்லில் மாட்டிக்கொண்டது, அதைப் பிய்த்தாள். கடைசியில் இருவரும் அகழியில், நசுங்கிய காஞ்சொறியின்மேல் கிடந்தார்கள்.

வழி இதுதான்: மறதிக்குழி என்பது மாளிகையின் கழிவுத்தொட்டி. அதன் தரை கிழக்கு மூலைக்குச் சாய்கிறது. அந்த மூலையில், தரையோடு ஒட்டிய வளைவுக்கு அடியில், காரையில்லாமல் களிமண்ணில் அடுக்கிய கற்களை மேலிருந்து தொடங்கி உள்பக்கமாக இழுத்துப் போட்டால், வாருகிறவர்கள் வந்துபோன சந்து திறந்துகொள்கிறது. அதில் ஒரு ஆள் தவழ்ந்து அகழிக்குப் போய்விடலாம்.